ஓவர்லே காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேம் ஓடும்போது திரையின் மூலையில் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்), ஜிபியு எனும் கிராபிக்ஸ் சிப்பின் சூடு, பயன்பாடு, விசிறி வேகம் என்று எண்கள் மாறிக்கொண்டே இருக்குமே, அந்த ஓவர்லே உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது, அதை எழுதுகிறவன் எங்கெல்லாம் கவனமாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம். எங்கள் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் இதற்குத் தனி மவுசு உண்டு. காரணம் வெயில். பாலக்காட்டுக் கணவாய்க்குள் இருப்பதால் மழைக்காலத்துக் காற்று நமக்குத் தாராளம், ஆனால் மார்ச் முதல் மே வரை 40 டிகிரியைத் தொட்டுப் பார்க்கும் சூடு. 2024 ஏப்ரலில் இந்திய வானிலை ஆய்வு மையம் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே விட்டது. ஏசி இல்லாத அறை, கோயம்புத்தூரில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு, அதில் பாதி கிரிப்டோ மைனிங்கில் ராப்பகலாக ஓடி வந்தவை. பையன்கள் எந்நேரமும் மூலையில் ஓடும் எண்ணையே பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை.

"அண்ணா, ஜிபியு 99 காட்டுதுங்க, எஃப்பிஎஸ்ஸும் 60 இருக்குது, அப்புறம் ஏனுங்க திக்குது?" இந்தக் கேள்வியை நான் அடிக்கடி கேட்கிறேன். நல்ல கேள்வி. பதில் சொல்ல வேண்டுமென்றால், திரையில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் யார் சொன்னார்கள், எந்த நேரத்தில் அளந்து சொன்னார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சின்னதாக ஒரு ஓவர்லே நானும் எழுதிக்கொண்டிருப்பதால் சொல்கிறேன், எழுத்தைத் திரையில் வரைவது இதில் சுலபமான பகுதி. எண்ணை நேர்மையாக எடுப்பதுதான் கஷ்டம்.

முதலில் எஃப்பிஎஸ். ஒரு விநாடியில் 60 ஃபிரேம் வந்தால் ஒவ்வொன்றுக்கும் 16.67 மில்லி விநாடி என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். ஆனால் 59 ஃபிரேம்கள் தலா 15 மில்லி விநாடியில் வந்து, மிச்சம் இருக்கும் ஒன்று மட்டும் 115 மில்லி விநாடி எடுத்துக்கொண்டாலும் கூட்டிப் பார்த்தால் சரியாக 1000 மில்லி விநாடி, 60 எஃப்பிஎஸ்தான். ஓவர்லே "60" என்று சொல்லும், கண்ணுக்கு ஒரு பெரிய வெட்டு தெரியும். இரண்டுமே பொய் இல்லை. சராசரி அந்த வெட்டை விழுங்கிவிட்டது, அவ்வளவுதான். அதனால்தான் ஃபிரேம் டைம், அதாவது ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே போன நேரம், எண்ணாக மட்டும் இல்லாமல் கோடாகவும் திரையில் ஓட வேண்டும் என்கிறேன். இதைப் பரவலாகப் பேச வைத்தவர் டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாசன். 2011இல் அவர் ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் தனித்தனியாக எடுத்துப் போட்டுக் காட்டிய பிறகுதான் கார்டு விமர்சனம் எழுதுகிறவர்கள் சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் நம்புவதைக் கைவிட ஆரம்பித்தார்கள்.

சராசரி எடுப்பதிலேயே ஒரு பள்ளம் உண்டு. ஒரு ஃபிரேம் 10 மில்லி விநாடி, அடுத்தது 40 என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் எஃப்பிஎஸ்ஸாக மாற்றினால் 100, 25. இரண்டையும் கூட்டி வகுத்தால் 62.5 வரும். உண்மையில் 50 மில்லி விநாடியில் 2 ஃபிரேம், அதாவது 40 எஃப்பிஎஸ். மொத்த ஃபிரேமை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும், வேறு வழியே கிடையாது. "1% லோ" என்று ஒரு எண் போடுகிறார்களே, அதன் கதை இன்னும் மோசம். 1000 ஃபிரேம் அளந்தோம், அதில் மிக மெதுவான 10 ஃபிரேமில் ஒன்பது தலா 20 மில்லி விநாடி, ஒன்று மட்டும் 120. அந்த 10இன் சராசரி 30 மில்லி விநாடி, ஆக 33 எஃப்பிஎஸ். ஆனால் இன்னொரு கருவி அந்த 10இன் வாசலில் நிற்கும் ஃபிரேமை, 20 மில்லி விநாடி எடுத்ததை, மட்டும் பார்த்து 50 எஃப்பிஎஸ் என்று காட்டும். ஒரே அளவு, ஒரே பெயர், ஆனால் இரண்டு எண்கள். எந்தக் கணக்கு என்று சொல்லாத கருவியின் 1% லோவை இன்னொரு கருவியின் எண்ணோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பிரயோஜனமே இல்லை.

சரி, இந்த நேரத்தை எங்கே நின்று அளப்பது? விண்டோஸில் கேம் ஒரு ஃபிரேமை வரையச் சொல்லி முடித்ததும், இதைத் திரைக்கு அனுப்பு என்று பிரசென்ட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடும். ஃபிராப்ஸ் என்ற பழைய எஃப்பிஎஸ் கருவியின் காலத்திலிருந்து, அதாவது 1999 வாக்கிலிருந்து, ஓவர்லே எழுதுகிறவர்கள் குறுக்கே நிற்கும் இடம் இதுதான். விண்டோஸ் கேம்கள் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் 11இல், ஃபிரேம்களை மாற்றி மாற்றித் திரைக்கு விடும் டிஎக்ஸ்ஜிஐ ஸ்வாப்செயின் என்ற ஆப்ஜெக்டின் ஃபங்ஷன் பட்டியலில், பூஜ்யத்திலிருந்து எண்ணினால், பிரசென்ட் 8ஆவது இடத்தில் இருக்கிறது. நாம் ஒரு டிஎல்எல்லை, அதாவது இன்னொரு ப்ரோக்ராமுக்குள் ஏறி ஓடும் நிரல் துண்டை, ஓடிக்கொண்டிருக்கும் கேமின் ப்ராசஸுக்குள் நுழைக்கிறோம், உள்ளே ஒரு டம்மி விண்டோவும் டம்மி ஸ்வாப்செயினும் உண்டாக்கி அந்த முகவரியைக் கண்டுபிடிக்கிறோம், அதன் முதல் சில பைட்டுகளை நம்முடைய ஃபங்ஷனுக்குத் தாவும் கட்டளையாக மாற்றுகிறோம். இனி ஒவ்வொரு ஃபிரேமும் நம்மைத் தாண்டித்தான் போகும். நேரத்தைக் குறித்துக்கொள்வது, எழுத்தை வரைவது, பிறகு அசல் பிரசென்டைக் கூப்பிடுவது. நேரத்துக்கு கியூபிசி என்று சுருக்கமாகச் சொல்லும் விண்டோஸ் கடிகாரம் போதும். இப்போதைய விண்டோஸ் கணினிகளில் அது பெரும்பாலும் 100 நானோ விநாடிக்கு ஒரு முறை துடிக்கிறது.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் கேம் தன் வரைதலுக்கு என்று செட் செய்து வைத்திருக்கும் ஷேடர், பிளெண்ட் நிலை, வியூபோர்ட் போன்ற வரைதல் அமைப்புகள் எல்லாவற்றையும் நாம் வரைவதற்கு முன் எடுத்து வைத்து, வரைந்த பிறகு அப்படியே திருப்பி வைக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கேமின் அடுத்த ஃபிரேமில் நிழல் காணாமல் போகும், மரம் கறுப்பாகும், ஆட்டக்காரர் கார்டு போச்சு என்று பயந்துவிடுவார். அதே பட்டியலில் 13ஆவது இடத்தில் இருக்கும் ரீசைஸ்பஃபர்ஸையும் பிடித்தாக வேண்டும், ஏனென்றால் திரைக்குப் போகும் முன் ஃபிரேம் தங்கும் பேக் பஃபரை நாம் கையில் பிடித்துக்கொண்டே இருந்தால் கேம் தன் ரெசல்யூஷனை மாற்ற முடியாது. ஆல்ட்-டேப் அடித்தால் மட்டும் கேம் விழுகிறது என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான்.

டைரக்ட்எக்ஸ் 12இல் சிக்கல் ஒரு படி ஏறுகிறது. அங்கே நாம் எதையும் வரைய வேண்டுமென்றால் ஜிபியுவுக்கு வேலைகளை வரிசையாக அனுப்பும் கமாண்ட் கியூ வேண்டும், ஆனால் பிரசென்ட் அதை நம் கையில் தருவதில்லை. எக்ஸிகியூட்கமாண்ட்லிஸ்ட்ஸ் ஃபங்ஷனை மறித்து, வருகிற கியூவைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பலர் செய்கிறார்கள். ஒரு கேமில் கம்ப்யூட்டுக்கு, காப்பிக்கு என்று தனித்தனி கியூக்கள் ஓடும், தப்பானதைப் பிடித்தால் கதை முடிந்தது. ஸ்வாப்செயின் பிறக்கும் இடத்திலேயே போய் நிற்பது சுத்தமான வழி, அங்கே கேமே எந்தக் கியூ என்று கொடுத்துத்தான் ஆக வேண்டும். டைரக்ட்எக்ஸுக்கு மாற்றான வல்கனில் இந்தக் குடைச்சல் எதுவும் இல்லை. லேயர் என்று அதிகாரபூர்வமாகவே ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள், லினக்ஸில் மாங்கோஹட் என்ற ஓவர்லே அந்த வழியாகத்தான் நுழைகிறது, 2022இல் வந்த கையடக்கக் கேம் கணினியான ஸ்டீம் டெக்கின் ஓவர்லேயும் அந்த மாங்கோஹட்டை வைத்தே கட்டியது. நடுவில் நிற்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு முதலிலிருந்தே இடம் ஒதுக்கி வடிவமைத்திருக்கிறார்கள் என்பதற்காகவே வல்கன் மேல் எனக்குத் தனி மரியாதை.

டிஎல்எல் நுழைப்பதில் இன்னொரு தொல்லை, ஏமாற்று சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களும் இதே கதவில்தான் நுழைகிறார்கள். ஆன்லைன் கேம்களின் ஆன்டி-சீட்டுக்கு உங்கள் நல்ல மனசு தெரியாது. பெயர் தெரியாத டிஎல்எல் உள்ளே வந்தால் தடுக்கும், சில கேம்களில் அக்கவுண்டுக்கே ஆபத்து. அதனால் புதிதாக ஒரு ஓவர்லே எழுதும் தம்பிகளுக்கு நான் சொல்வது, கேமுக்குள் போகாமல் அளக்கும் வழியைத்தான் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். விண்டோஸ் தன் உள்மையமான கெர்னலுக்குள் நடப்பதை ஈடிடபிள்யூ என்ற வசதி மூலம் நிகழ்வு நிகழ்வாகப் பதிந்து தருகிறது. எந்த ஃபிரேம் எப்போது அனுப்பப்பட்டது, ஜிபியு எப்போது முடித்தது, திரையில் எப்போது மாறியது எல்லாம் அதில் வரும். இன்டெல் திறந்த மூலமாகத் தரும் பிரசென்ட்மான் இதைத்தான் படிக்கிறது. 2023இல் அதில் ஜிபியு பிஸி என்ற அளவையும் சேர்த்தார்கள், ஒரு ஃபிரேமில் ஜிபியு உண்மையாக வேலை செய்த நேரம் எவ்வளவு என்று அது சொல்லும். ஃபிரேம் டைம் 16, ஜிபியு பிஸி 15 என்றால் கார்டுதான் தடை. ஃபிரேம் டைம் 16, ஜிபியு பிஸி 7 என்றால் கார்டை மாற்றிப் பயன் இல்லை, சிபியுவோ கேமோ கார்டைக் காக்க வைக்கிறது. புது கார்டுக்குப் பணம் சேர்க்கிற ஒருவருக்கு இதைவிட உபயோகமான எண் வேறு எதுவும் இல்லை என்பேன்.

இந்த வழியில் வரைவதற்குத் தனி விண்டோ வைக்க வேண்டியிருக்கும், கேமுக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒன்று. அதனால் சில அமைப்புகளில் விண்டோஸ் இரண்டையும் கலந்து திரைக்கு அனுப்ப ஆரம்பித்து, நேராகத் திரைக்குப் போய்க்கொண்டிருந்த கேமுக்குக் கொஞ்சம் தாமதம் கூடும். ஆக எந்தப் பக்கம் போனாலும் ஒரு விலை உண்டு.

பிரசென்டில் நின்று அளந்தால் தெரிவது, கேம் ஃபிரேமை அனுப்பிய நேரம். அது கண்ணுக்குத் தெரிந்த நேரம் அல்ல. இந்த வித்தியாசத்தை 2013லேயே என்விடியா எஃப்கேட் என்ற முறையில் காட்டியது. ஒவ்வொரு ஃபிரேமின் ஓரத்திலும் ஒரு நிறப்பட்டை வரைந்து, மானிட்டருக்குப் போகும் சிக்னலை இன்னொரு கணினியில் பதிவு செய்து பார்த்தபோது, அன்றைக்கு ஏஎம்டியின் இரண்டு ரேடியான் கார்டு சேர்த்து ஓட்டிய கணினிகளில் பல ஃபிரேம்கள் சில கோடுகள் அளவுக்கு மட்டும் தெரிந்து மறைந்தன. எஃப்பிஎஸ் எண்ணில் அவையும் முழு ஃபிரேமாகவே கணக்கில் ஏறியிருந்தன. அந்த ஆகஸ்டில் ஏஎம்டி ஃபிரேம்களைச் சீராக இடைவெளி விட்டு அனுப்பும் டிரைவரை வெளியிட்டது. அளக்கிற இடம் மாறினதும் டிரைவரே மாறியது பாருங்கள்.

இன்று இதே பிரச்சினை ஃபிரேம் ஜெனரேஷன் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. 2022 அக்டோபரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோடு டிஎல்எஸ்எஸ் 3 வந்தது, இரண்டு நிஜ ஃபிரேமுக்கு நடுவே கார்டே ஒன்றை உண்டாக்கிச் செருகும். 2025 ஜனவரியில் அறிவித்த டிஎல்எஸ்எஸ் 4 ஒன்றுக்குப் பதில் மூன்று வரை செருகும், அவற்றைச் சீராகத் திரைக்கு விடும் வேலையையும் ஆர்டிஎக்ஸ் 50 கார்டின் ஹார்டுவேர் எடுத்துக்கொண்டது. இங்கே பிரசென்டுக்கும் பிரசென்டுக்கும் நடுவே உள்ள நேரத்தை அளந்தால் கோடு தாறுமாறாகக் குதிக்கும், திரையிலோ எல்லாம் சீராக இருக்கும். திரை மாறிய நேரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அதை மட்டும் காட்டினாலும் முழு உண்மை இல்லை. மவுஸை அசைத்ததும் கேம் பதில் சொல்வது நிஜ ஃபிரேம்களில்தான். 160 என்று ஓடும் எண்ணுக்குப் பின்னால் நிஜமாக 40தான் இருக்கிறது என்றால், கை உணர்வது அந்த 40ஐத்தான். என் ஓவர்லேயில் இரண்டையும் தனித்தனி வரியில் வைத்திருக்கிறேன்.

வரைவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். எழுத்துகளை முன்கூட்டியே ஒரு படத்தில் அடுக்கி வைத்து, தேவையானதை வெட்டி ஒட்டுவதுதான் வழக்கம், மொத்த ஓவர்லேயையும் ஒரே டிரா காலில், அதாவது ஒரே வரையும் கட்டளையில், முடிக்கலாம். எண்களை விநாடிக்கு இரண்டு முறை மாற்றினால் போதும், அதற்கு மேல் மாற்றினால் யாராலும் படிக்க முடியாது. கோடு மட்டும் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓட வேண்டும். ஹெச்டிஆர் திரையில் கவனம் வேண்டும், ஹெச்டிஆர்10 வடிவத்தில் வெள்ளை என்று சாதாரணமாக 1.0 போட்டால் அதன் பொருள் 10,000 நிட்ஸ் வெளிச்சம், மூலையில் எழுத்து டார்ச் அடிக்கும். தமிழில் பெயர் வைக்க ஆசைப்பட்டால் இன்னொரு வேலை சேரும். பலரும் எடுக்கும் டியர் ஐஎம்ஜியுஐ நூலகம் எழுத்தை வரிசையாக ஒட்டுமே தவிர தமிழுக்கோ மலையாளத்துக்கோ வேண்டிய ஷேப்பிங்கைச் செய்யாது. "கொ" என்பதில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும், அது அங்கே நடக்காது, எழுத்து சிதறிவிடும். நான் "சூடு", "வேகம்", "தடை" போன்ற பெயர்களை விண்டோஸின் எழுத்து வரையும் வசதியான டைரக்ட்ரைட் வழியாக ஒரு முறை படமாக எடுத்து வைத்துக்கொள்கிறேன், மாறுவது எண் மட்டும்தானே. எங்கள் ஊரில் பாதிப் பேர் பள்ளியில் மலையாளமும் மீதிப் பேர் தமிழும் படித்தவர்கள், இரண்டு மொழியிலும் பெயர் வைக்க இந்த முறை ஒத்துவருகிறது.

இப்போது 99%க்கு வருவோம். என்விடியா, கார்டின் நிலையைக் கேட்டறிய உதவும் தன் என்விஎம்எல் நூலகத்துக்கான விளக்கத்திலேயே சொல்கிறது: கடந்த அளவை நேரத்தில், ஜிபியுவில் ஏதோ ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்த நேரம் எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த எண். அந்த அளவை நேரம் கார்டைப் பொறுத்து ஆறில் ஒரு பங்கு விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை. ஆயிரக்கணக்கான கோர்களில் ஒரு மூலை மட்டும் வேலை செய்து மீதி எல்லாம் மெமரிக்காகக் காத்து நின்றாலும் 99 வரும். அதனால் பக்கத்தில் வாட்டையும் பார்க்கச் சொல்வேன். 120 வாட் குடிக்கிற கார்டு 99% காட்டிக்கொண்டே 70 வாட்டில் நிற்கிறது என்றால், அது பிஸியாக இருக்கிறது, ஆனால் முழு பலத்தோடு வேலை செய்யவில்லை.

சூட்டிலும் இதே கதைதான். வெறும் "ஜிபியு டெம்பரேச்சர்" என்பது பழைய கார்டுகளில் ஒரு சென்சார் சொல்வது. புதியவற்றில் சிப்பின் மிகச் சூடான இடமான ஹாட்ஸ்பாட் தனி, மெமரி தனி. ஏஎம்டி 2019இல் ரேடியான் 5700 வரிசைக்கு, ஜங்ஷன் சூடு (ஹாட்ஸ்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர்) 110 டிகிரி வரை போவது வடிவமைப்புக்குள் அடங்கியதுதான் என்று விளக்கியது. அந்த எண்ணை அப்படியே எடுத்து இன்னொரு கார்டின் ஓர சென்சாரோடு ஒப்பிட்டுப் பதறுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. என்விடியாவின் பாஸ்கல் தலைமுறைக் கார்டுகள் இன்னும் இங்கே ஏராளமாக ஓடுகின்றன. அவை சூடு ஏற ஏற க்ளாக்கை, அதாவது சிப் ஓடும் வேகத்தை, ஏறக்குறைய 13 மெகாஹெர்ட்ஸ் படிகளாகக் குறைத்துக்கொண்டே வரும், பலவற்றில் 83 டிகிரி என்பது இலக்கு. அறை 28 டிகிரியில் இருந்து 40க்குப் போனால் கார்டும் அதே அளவு மேலே போகப் பார்க்கும், விசிறியால் சமாளிக்க முடியாதபோது க்ளாக் இறங்கும். டிசம்பரில் சரியாக ஓடிய கேம் ஏப்ரல் மதியத்தில் மந்தமாவது கார்டு கெட்டுப்போனதால் அல்ல. இதற்கு நல்ல மருந்து, க்ளாக் ஏன் இறங்கியது என்ற காரணத்தை டிரைவரிடமே கேட்பது: சூடா, மின்சார வரம்பா, அல்லது வேலையே இல்லையா. என்விஎம்எல் அதைச் சொல்லும். எண்ணைவிட அந்த ஒரு வார்த்தை பையனுக்கு உதவும். சூடு என்றால் கேபினெட்டைத் திறந்து தூசி தட்டி, சூடு கடத்தும் பேஸ்ட்டை மாற்றலாம், மின்சார வரம்பு என்றால் தூசி தட்டி ஒன்றும் ஆகாது.

சென்சாரைப் படிப்பதும் இலவசம் இல்லை. சில சென்சார்கள் ஐ2சி என்ற மெதுவான தகவல் தடத்தில் இருக்கின்றன, அடிக்கடி கேட்டால் டிரைவர் தடுமாறி, அளக்க வந்த கருவியே வெட்டை உண்டாக்கும். அதனால் சென்சார் படிப்பது தனி ப்ராசஸில், விநாடிக்கு ஒரு முறை, முடிவை ஷேர்டு மெமரியில் வைத்துவிட வேண்டும். கேமுக்குள் இருக்கும் டிஎல்எல் அதை எடுத்து வரைவதோடு சரி. ரிவாட்யூனர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சர்வரும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் இப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. இரண்டையும் எழுதுபவர் அலெக்ஸி நிகோலாய்சுக். 2023 ஜனவரியில், ஏறக்குறைய ஒரு வருடமாகப் பணம் வரவில்லை, ஆஃப்டர்பர்னர் நின்றுபோகலாம் என்று அவரே எழுதியபோது உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற ஒரு கருவி ஒரே மனிதரின் தோளில் இருப்பது பலருக்கும் உறைத்தது. நல்லவேளை, அதே வருடம் புதிய பதிப்பு வந்தது.

ஹார்டுவேரை நேராகத் தொட கெர்னல் டிரைவர் வேண்டியிருக்கும்போது ஆபத்து கூடுகிறது. ஆஃப்டர்பர்னரோடு வந்த ஆர்டிகோர்64 டிரைவரில் 2019இல் சிவிஇ-2019-16098 என்ற பாதுகாப்பு ஓட்டை பதிவானது, சாதாரண யூசரும் அதன் மூலம் எந்த மெமரியையும் படிக்கலாம், எழுதலாம். 2022இல் பிளாக்பைட் ரேன்சம்வேர் கும்பல் அதே டிரைவரைத் தானே எடுத்துவந்து வைத்து, பாதுகாப்பு சாஃப்ட்வேர்களின் கண்ணைக் கட்டியதை சோஃபோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. பல விசிறிக் கருவிகளும் நம்பியிருந்த வின்ரிங்0 டிரைவரை 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் தடுக்க ஆரம்பித்தது. யாரோ எழுதிய பழைய டிரைவரைச் சேர்த்து, மதர்போர்டு விசிறி வேகம் ஒன்றைக் கூடுதலாகக் காட்டுவதற்காக ஆட்டக்காரரின் முழுக் கணினியையும் திறந்து வைப்பது நியாயம் இல்லை. என்விடியாவுக்கு என்விஎம்எல், ஏஎம்டிக்கு ஏடிஎல் என்று தயாரிப்பாளர் கொடுக்கும் வழியில் கிடைப்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசி வேலை, நம் கருவியே எவ்வளவு நேரம் தின்கிறது என்று அளப்பது. இதை நம் ஓவர்லேயை வைத்தே அளக்க முடியாது, அது தன்னை அணைத்த பிறகு எதையும் பார்க்காது. பிரசென்ட்மானைப் பின்னணியில் பதிவு செய்யவிட்டு, கேமில் ஒரே இடத்தில், கார்டு சூடாகி நிலைக்கு வந்த பிறகு, ஓவர்லேயோடு ஒரு ஓட்டம், இல்லாமல் ஒரு ஓட்டம், பிறகு மறுபடி ஓவர்லேயோடு ஒரு ஓட்டம் என்று எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து மதியத்தில் அறையின் சூடே ஏறிக்கொண்டிருக்கும் என்பதால் மூன்றாவது ஓட்டம் இல்லாமல் முதல் இரண்டை நம்பக் கூடாது. ஒரு ஃபிரேமுக்கு 0.1 மில்லி விநாடி நாம் எடுத்துக்கொண்டால் 60 எஃப்பிஎஸ்ஸில் அது 0.6%, யாருக்கும் தெரியாது. 300 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃபிரேமே 3.3 மில்லி விநாடிதான், அங்கே அதே 0.1 என்பது 3%. போட்டிக்கு ஆடுகிறவர் இந்தக் கருவியைப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்த எண் அவருக்குத் தெரிய வேண்டும், அதனால் இப்படி அளந்து கிடைத்ததையும் ஓவர்லேயிலேயே கடைசி வரியாகக் காட்டுகிறேன்.